பழைய அவுட்போர்டு மோட்டாரின் தேய்ந்த டிரைவ் ஷாஃப்ட்: கழற்றுவதிலிருந்து தண்ணீரில் ஓட்டிப் பார்ப்பதுவரை

படகின் பின்விளிம்பில் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரின் கயிற்றை இழுத்ததும் எஞ்சின் பிடித்துக்கொள்கிறது. கியரைப் போட்டு வேகத்தைக் கூட்டினால் சத்தம் மட்டும் ஏறுகிறது, படகு அசையவில்லை. இப்படி ஆகும்போது எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது புரொப்பெல்லரைத்தான். அதில் தவறில்லை. புரொப்பெல்லர் எதிலாவது மோதினால் தான் முறிந்து மற்றதைக் காக்கும் ஷியர் பின் முறிந்திருக்கலாம், புரொப்பெல்லரின் நடுப்பகுதியான ஹப்புக்குள் இருக்கும் ரப்பர் வழுக்கிக்கொண்டிருக்கலாம். அவை இரண்டையும் பார்த்து, நன்றாக இருக்கின்றன என்று உறுதியான பிறகே, எஞ்சினின் சுழற்சியைக் கீழே கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டின் பக்கம் திரும்ப வேண்டும்.

உறுதி செய்ய எளிய வழி ஒன்று உண்டு. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, முன்னோக்கு கியரில் வைத்து, எஞ்சின் உச்சியிலுள்ள கனச் சக்கரமான ஃப்ளைவீலை மேலிருந்து பார்க்கும்போது கடிகாரச் சுற்றில் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். புரொப்பெல்லர் கூடவே சுற்ற வேண்டும். ஒருவர் புரொப்பெல்லரை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, ஃப்ளைவீல் கரகரவென்று நழுவினால் ஸ்ப்ளைன் (ஷாஃப்டின் முனையில் நீளவாக்கில் வெட்டிய பற்கள்) போய்விட்டது, அல்லது கியர் பல் போய்விட்டது. நழுவாமல், பிடிப்பதற்கு முன் ஃப்ளைவீல் வழக்கத்தைவிட அதிகமாக ஆடினால் தேய்மானம் நடந்துகொண்டிருக்கிறது. இந்த இரண்டாவது நிலையில் பிடித்துவிட்டால் செலவு பாதியாகும்.

ஷாஃப்ட் எங்கெங்கே தேயும்

1909-இல் ஓலே எவின்ரூட் விற்பனைக்குக் கொண்டுவந்த மோட்டாரிலேயே இந்த அமைப்பு இருந்தது: மேலே எஞ்சின் சுழற்றும், செங்குத்தாக நிற்கும் கிராங்க் ஷாஃப்ட், கீழே தண்ணீருக்குள் சாய்பல் கியர்கள், இரண்டையும் இணைக்கும் ஒரு நெடிய தண்டு. அந்தத் தண்டுதான் டிரைவ் ஷாஃப்ட். நூறாண்டுக்கு மேல் ஆகியும் அடிப்படை மாறவில்லை.

இது சும்மா சுற்றுகிற கம்பி அல்ல. மேல்முனை ஸ்ப்ளைன் கிராங்கின் அடிக்குள் நுழைந்து திருப்புவிசையை வாங்கிக்கொள்கிறது. நடுவில் காடியில் உட்காரும் ஒரு சிறு உலோகத் துண்டு, அதாவது சாவி வழியாக, வாட்டர் பம்பின் இறகுச் சக்கரமான இம்பெல்லரைச் சுழற்றுகிறது. பம்புக்குக் கீழே, கசிவைத் தடுக்கும் வளையமான ஆயில் சீலின் உதடு ஷாஃப்டை உரசிக்கொண்டே இருக்கிறது. அதற்கும் கீழே பேரிங் உட்காரும் இடம், கடைசியில் ஷாஃப்டோடு சுற்றும் சிறு பல்சக்கரமான பினியன் கியர். ஆக, தேய்மானத்தைத் தேட வேண்டிய இடங்கள் மேல் ஸ்ப்ளைன், சாவிக் காடி, சீல் ஓடும் தடம், பேரிங் இருக்கை, பினியன் பிடிக்கும் முனை ஆகிய ஐந்து. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. சீல் தடத்தைக் காப்பாற்றலாம், காடியைக் காப்பாற்றலாம். தேய்ந்த ஸ்ப்ளைனைக் காப்பாற்ற முடியாது. வேலையில் இறங்கும் முன்பே இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பணமும் நாளும் மிஞ்சும்.

கியர் கேஸை இறக்குதல்

கியர் கேஸ் என்பது கியர்கள் அடங்கிய அடிப்பெட்டி. பிளக் வயர்களைக் கழற்றி எஞ்சின் உடலோடு எர்த் செய்யுங்கள். பெட்ரோல் குழாயைப் பிரித்து, புரொப்பெல்லரைக் கழற்றி வையுங்கள். கியர் ஆயிலை இப்போதே வடித்து ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடியுங்கள். பால் கலந்த மாதிரி இருந்தால் எங்கோ ஒரு சீல் வழியாகத் தண்ணீர் நுழைந்திருக்கிறது. கிண்ணத்தின் அடியில் மினுமினுப்பான துகள் படிந்தால் கியரையும் பேரிங்கையும் பார்த்தாக வேண்டும்.

அடுத்தது, அவசரத்தில் மறக்கப்படும் ஒரு விஷயம்: கியர் மாற்றும் கம்பி. பல பழைய மாடல்களில் இந்தக் கம்பி மேல் பகுதியோடு ஒரு சின்ன இணைப்பால் கட்டப்பட்டிருக்கும். சிலவற்றில் அந்த இணைப்பு காலின் (எஞ்சினுக்கும் கியர் கேஸுக்கும் நடுவிலுள்ள நெடிய உடல்) பக்கவாட்டிலுள்ள மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதைப் பிரிக்காமல் கியர் கேஸை இழுத்தால் கம்பி வளையும், அல்லது உள்ளே இருக்கும் மாற்றுப்பிடி முறியும். உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் இந்த ஒரு பக்கத்தையாவது பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

உப்புத் தண்ணீரில் ஓடிய எஞ்சின் என்றால் போல்ட்டுகள் அலுமினியத்தோடு பிணைந்திருக்கும். முரட்டுத்தனமாகத் திருகினால் தலை முறியும். துரு இளக்கும் எண்ணெயை முந்தைய நாளே ஊற்றி ஊறவிடுங்கள். மறுநாள் ஹீட் கன்னால் போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குங்கள். எஃகைவிட அலுமினியம் கூடுதலாக விரிவதால் பிடி தளரும். பிறகு கால் சுற்று கழற்றுவது, அரைக்கால் சுற்று திரும்ப இறுக்குவது என்று முன்னும் பின்னுமாகப் போக வேண்டும். இதில் ஒரு மணி நேரம் போனாலும் பரவாயில்லை. முறிந்த போல்ட்டைத் துளையிட்டு எடுக்க ஒரு நாள் போகும்.

போல்ட்டுகள் எல்லாம் வந்த பிறகும் கியர் கேஸ் இறங்காவிட்டால், மேல் ஸ்ப்ளைன் கிராங்குக்குள் துருப்பிடித்து ஒட்டியிருக்கிறது என்று பொருள். ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் நுழைத்து நெம்பாதீர்கள். பொருந்தும் முகம் கீறிவிடும், அதன் பிறகு இரண்டு பாகமும் நேராக உட்காராது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மரச் சில்லுகளை ஆப்பாகச் செருகி, மாறி மாறித் தட்டி, சமமாக இறக்குங்கள்.

ஷாஃப்டை வெளியே எடுத்தல்

வாட்டர் பம்பின் மூடி, இம்பெல்லர், அடித்தகடு எல்லாவற்றையும் வரிசையாகக் கழற்றிப் படம் எடுத்து வையுங்கள். இம்பெல்லர் சாவி சின்னது. கீழே விழுந்தால் கிடைக்காது, அதனால் வெள்ளைத் துணி விரித்த மேசையில் வேலை செய்வது நல்லது.

சின்ன எஞ்சின்கள் சிலவற்றில் ஷாஃப்டை மேலே இழுத்தாலே வந்துவிடும். வேறு பல மாடல்களில் பினியனுக்கு அடியில் ஒரு நட் இருக்கும். அப்போது புரொப்பெல்லர் ஷாஃப்டை முதலில் வெளியே எடுத்து, பினியன் நட்டை ஸ்பானரால் அசையாமல் பிடித்து, மேலே டிரைவ் ஷாஃப்டைத் திருப்ப வேண்டும். இதற்கு ஸ்ப்ளைனில் பொருந்தும் சாக்கெட் தேவை. பைப் ரெஞ்சால் ஷாஃப்டைக் கவ்வவே கூடாது. அந்தப் பல்தடம் சீல் ஓடும் இடத்தில் விழுந்தால், கழற்றும்போதே நாம் ஷாஃப்டைக் கெடுத்ததாகிவிடும். பினியனோடு வரும் ஷிம்களைக் கியரோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். கியர் பற்கள் ஒன்றோடொன்று எவ்வளவு இடைவெளியில் கடிக்க வேண்டும் என்பதை அந்த மெல்லிய தகடுகள்தான் தீர்மானிக்கின்றன.

அளவெடுத்தல்

முதலில் நகத்தால் பாருங்கள். சீல் தடத்தின் குறுக்கே நகத்தை ஓட்டினால் இடறும் பள்ளம் எதுவும் சீலுக்குப் பகை. ஸ்ப்ளைன் பல்லின் பக்கத்தில் ஓட்டும்போது ஒரு படி தட்டுப்பட்டால், கிராங்குக்குள் இருந்த பகுதி தேய்ந்திருக்கிறது, வெளியே இருந்த பகுதி தேயாமல் நிற்கிறது. பல்லின் உச்சி தட்டையாக இல்லாமல் கத்திபோலக் கூராகியிருந்தால் மேற்கொண்டு அளக்கவே வேண்டாம்.

நகத்துக்கு அடுத்தது மைக்ரோமீட்டர். தேயாத இடத்தில் ஓர் அளவு, தேய்ந்த இடத்தில் ஓர் அளவு, ஒவ்வொன்றையும் தொண்ணூறு டிகிரி திருப்பி மறுபடியும். இரண்டு திசையிலும் அளவு மாறினால் ஷாஃப்ட் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது.

பிறகு வளைவு. வி வடிவக் காடியுள்ள தாங்கிகளான இரண்டு வி பிளாக்கில் பேரிங் இருக்கைகள் உட்காருமாறு ஷாஃப்டை வைத்து, நடுவில் நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜை நிறுத்தி, மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். முள் காட்டும் மொத்த வித்தியாசம் உண்மையான வளைவைப்போல் இரண்டு மடங்கு. கையேட்டில் எல்லை கொடுத்திருந்தால் அதுவே இறுதி. கொடுக்காத மாடல்களில், முள் 0.05 மி.மீ. ஆடினால் நிம்மதியாகப் பொருத்துகிறேன். 0.15 மி.மீ. தாண்டினால் அப்படியே திரும்பப் போடமாட்டேன்.

கடைசியாக முறுக்கு. ஸ்ப்ளைன் பள்ளத்தின் ஓரமாக ஒரு நேர்த்தகட்டை வையுங்கள். பல் தண்டின் நீளவாக்கில் நேராக ஓடாமல் லேசாகச் சுருள்வதுபோல் தெரிந்தால், எப்போதோ பாறையிலோ மரக்கட்டையிலோ புரொப்பெல்லர் மோதிய அடியை அது வாங்கியிருக்கிறது. அந்த எஃகு ஒருமுறை இடங்கொடுத்துவிட்டது, இனி அதை நம்ப வேண்டாம்.

ஏன் தேய்ந்தது என்று கேளுங்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கச் சொல்வேன். ஷாஃப்டை மாற்றுகிறவர்களில் பலர் காரணத்தைத் தேடாமல் மாற்றுகிறார்கள், அதே எஞ்சின் அதே குறையோடு மறுபடியும் பட்டறைக்கு வருகிறது. ஷாஃப்டின் மேல் இருக்கும் தடயமே பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிவிடும்.

ஸ்ப்ளைனைச் சுற்றிச் செங்கல் நிறத்தில் நுண்ணிய பொடி அப்பியிருந்தால், கிரீஸ் இல்லாமல் ஓடியிருக்கிறது. எஞ்சினின் ஒவ்வொரு வெடிப்பும் ஷாஃப்டை ஒருமுறை உந்துகிறது, இரண்டு வெடிப்புக்கு நடுவில் விட்டுவிடுகிறது. இந்த மிகச் சிறிய உரசலில் எஃகுத் துகள் பெயர்ந்து, ஈரத்தில் இரும்பு ஆக்சைடாகி, அதுவே உப்புத்தாள்போல மேலும் அராவுகிறது. ஒற்றை சிலிண்டர், இரட்டை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களில் குறைந்த வேகத்தில்தான் இந்த உந்தல் முரடாக இருக்கும். மணிக்கணக்கில் மெதுவாக ஓட்டி மீன்பிடித்த எஞ்சினில் ஸ்ப்ளைன் அதிகம் தேய்ந்திருப்பதற்கு இதுதான் காரணம்.

தேய்மானம் எல்லாப் பற்களிலும் சமமாக இல்லாமல் பல்லின் ஒரு முனையில் மட்டும் ஆழமாக இருந்தால் கிரீஸ் மீது பழி போடாதீர்கள். கிராங்கும் ஷாஃப்டும் ஒரே கோட்டில் இல்லை. கியர் கேஸும் காலும் சேரும் முகத்தில் உள்ள, இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்தும் சிறு ஊசிகளான டவல் பின்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். முன்பு யாரோ கழற்றியபோது தொலைத்திருக்கலாம். போல்ட் துளைகளில் எப்போதும் கொஞ்சம் இடம் இருக்கும், ஆகவே போல்ட்டுகள் மட்டும் நேர்ப்படுத்தாது, பின்கள்தான் நேர்ப்படுத்தும். எஞ்சினைக் காலோடு பிடிக்கும் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா, கிராங்கின் கீழ் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்பதையும் அப்போதே சோதியுங்கள்.

சீல் தடத்தில் பள்ளம் விழுந்தால் பலர் சீலைக் குறை சொல்வார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 16 மி.மீ. ஷாஃப்ட் நிமிடத்துக்கு 5000 சுற்று சுற்றும்போது அதன் மேற்பரப்பு நொடிக்கு 4 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. அந்த வேகத்தில் சீல் உதட்டுக்கடியில் ஒரு மணல் துகள் சிக்கினால் அது கடைசல் உளியாகிவிடும். ஆழமில்லாத, மணல் கலங்கிய நீரில் ஓடும் எஞ்சின்களில் இந்தப் பள்ளம் சீக்கிரம் வரும்.

சீல் தடத்தைச் சரிசெய்தல்

பள்ளம் லேசாக இருந்தால், புது சீலை ஒன்று, ஒன்றரை மி.மீ. மேலோ கீழோ தள்ளி உட்காரவைத்து, உதடு தேயாத இடத்தில் ஓடுமாறு செய்யலாம். செலவே இல்லாத வைத்தியம். இருக்கையில் அதற்கு இடம் இருக்க வேண்டும், எண்ணெய்த் துளை எதையும் சீல் மூடிவிடக் கூடாது.

அது முடியாவிட்டால் மெல்லிய பழுதுநீக்கு ஸ்லீவ். எஸ்.கே.எஃப். நிறுவனத்தின் ஸ்பீடி ஸ்லீவ் இவ்வகையில் பலருக்கும் தெரிந்தது. அதன் சுவர் 0.28 மி.மீ. தான். அதனால் பழைய அளவு சீலையே பயன்படுத்தலாம், ஷாஃப்டைக் கடையவும் வேண்டாம். ஸ்லீவ் அளவைத் தேர்ந்தெடுக்கத் தேயாத இடத்தின் விட்டத்தை மூன்று இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். பள்ளத்தை உலோகத்தூள் கலந்த எபாக்ஸியால் நிரப்பி, அது இறுகும் முன்பே ஸ்லீவை ஏற்றுங்கள். விளிம்பு மடிந்த பக்கம் முதலில் போக வேண்டும். ஸ்லீவைத் தட்டி ஏற்ற அதனோடு வரும் குப்பி குட்டையானது, நீளமான டிரைவ் ஷாஃப்டில் போதாது. முனை சரியாகச் செங்கோணத்தில் வெட்டிய ஒரு குழாயை வைத்துத் தட்டுங்கள். கோணலாகப் போனால் அந்த மெல்லிய தகடு நசுங்கும், நசுங்கியதை மறுபடி பயன்படுத்த முடியாது. ஏறிய பிறகு எமரி தாளைத் தொடாதீர்கள், மேற்பரப்பு ஏற்கெனவே சீலுக்கேற்ற மென்மையில்தான் வருகிறது.

கனமான ஸ்லீவை லேத்தில் செய்து ஏற்றலாமே என்று சிலர் கேட்பார்கள். அதற்கு இடம் வேண்டி 16 மி.மீ. ஷாஃப்டை 14 மி.மீ. ஆகக் கடைந்தால் என்ன ஆகும்? முறுக்கைத் தாங்கும் வலிமை விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. இரண்டு மி.மீ. குறைத்ததற்கு மூன்றில் ஒரு பங்கு வலிமை போய்விடும். திருப்புவிசை முழுவதும் கடந்து போகிற இடத்தில் அப்படிச் செய்ய எனக்கு மனம் வருவதில்லை.

பேரிங் இருக்கையும் சீல் தடமும் சேர்ந்து தேய்ந்திருந்தால் ஹார்ட் குரோம் பூசி, அளவுக்குக் கிரைண்டிங் செய்வது நல்ல வழி. பூசுகிறவரிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: பூச்சு முடிந்த சில மணி நேரத்துக்குள் ஷாஃப்டை 190 டிகிரி செல்சியஸ் அளவில் பல மணி நேரம் சூட்டில் வைக்க வேண்டும். பூச்சின்போது எஃகுக்குள் புகும் ஹைட்ரஜன் வெளியேறாவிட்டால், கடினமான எஃகு பின்னொரு நாள் எச்சரிக்கையே இல்லாமல் முறியும்.

சாவிக் காடி, வளைவு

இம்பெல்லர் சாவியின் காடி அகன்றுவிட்டால் அதை நிரப்ப முயல வேண்டாம். அதே உயரத்தில், நேர் எதிர்ப்பக்கத்தில் மில்லிங் இயந்திரத்தில் புதுக் காடி ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள். பிசிர்களை நன்றாக எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்தமுறை அதைத் தாண்டிப் போகும் சீல் கிழியும்.

லேசான வளைவைப் பிரஸ்ஸில் நிமிர்த்தலாம். நிமிர்த்திய பிறகு சாயம் ஊடுருவும் முறையில் விரிசல் சோதனை கட்டாயம். சிவப்புச் சாயத்தைப் பூசி, துடைத்து, வெள்ளைப் பொடியைத் தெளித்தால், விரிசல் இருந்தால் மயிரிழைபோல் சிவப்பாகக் கசியும். ஒரு கோடு தெரிந்தாலும் அந்த ஷாஃப்டை ஒதுக்கிவிடுங்கள்.

ஸ்ப்ளைன் போயிருந்தால்

தொடக்க காலத்தில் ஒரு பட்டறையை நம்பி, தேய்ந்த ஸ்ப்ளைனில் வெல்டு வைத்து, பல்லை அரத்தால் ராவி எடுத்து வந்தேன். பார்ப்பதற்கு அழகாக இருந்தது. ஒரு வார இறுதிகூடத் தாங்கவில்லை. வெல்டிங் சூட்டில் பதப்படுத்திய எஃகு தன் கடினத்தை இழக்கிறது, தண்டு கோணுகிறது. கையால் ராவிய பற்களில் இரண்டோ மூன்றோதான் உண்மையில் பாரம் தாங்குகின்றன. அதைவிட மோசமானது, அந்த ஷாஃப்ட் நன்றாக இருந்த கிராங்கின் உள் ஸ்ப்ளைனையும் தின்றுவிட்டது.

ஆகவே வழி இரண்டுதான். முதலாவது, அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு எஞ்சினிலிருந்து நல்ல ஷாஃப்ட். பற்களின் எண்ணிக்கை, விட்டம், சாவிக் காடியின் இடம், மொத்த நீளம் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். குட்டைக் கால் எஞ்சின் 15 அங்குலப் படகு விளிம்புக்கு, நீளக் கால் 20 அங்குலத்துக்கு. இரண்டின் ஷாஃப்டுக்கும் பொதுவாக 5 அங்குலம், அதாவது 127 மி.மீ. வித்தியாசம் இருக்கும். நீளமானதை வெட்டி ஒட்டிக் குட்டையாக்க வேண்டாம்.

இரண்டாவது, புதிதாகச் செய்வது. கியர் வெட்டும் பட்டறையில் ஹாபிங் இயந்திரத்தில் ஸ்ப்ளைன் வெட்டித் தருவார்கள். பழைய ஷாஃப்டில் தேயாமல் மிஞ்சிய பல் பகுதியையே மாதிரியாகக் கொடுங்கள். பொருளுக்கு 17-4 பி.ஹெச். துருப்பிடிக்காத எஃகை எடுத்து, 552 டிகிரி செல்சியஸில் பதப்படுத்தச் சொல்லலாம். 482 டிகிரியில் பதப்படுத்தினால் இன்னும் கடினமாகும், ஆனால் உப்புத் தண்ணீரில் அழுத்த அரிப்பு விரிசலுக்கு எளிதில் இடங்கொடுக்கும். காந்தத்தை ஒட்டிப் பார்த்து எஃகின் தரத்தை முடிவு செய்யாதீர்கள், 17-4 எஃகும் காந்தத்தில் ஒட்டும். ஒட்டாத 316 வகை துருவை நன்றாகத் தாங்கும், முறுக்கை அந்த அளவுக்குத் தாங்காது.

புது ஷாஃப்ட் கைக்கு வந்ததும் அதைக் கிராங்குக்குள் செருகி, இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். தெளிவான ஆட்டம் இருந்தால் கிராங்கின் ஸ்ப்ளைனும் தேய்ந்திருக்கிறது, அதைக் கவனிக்காமல் போட்டால் புதியதும் வேகமாகத் தேயும்.

திரும்பப் பொருத்துதல்

சீல்கள் புதியவை. இரட்டை சீல் அமைப்பில் பொதுவாக மேல் சீலின் உதடு மேலே பார்த்துத் தண்ணீரைத் தடுக்கும், கீழ் சீலின் உதடு கீழே பார்த்து எண்ணெயைத் தடுக்கும். கழற்றும்போது எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள். ஸ்ப்ளைன் மீதும் காடி மீதும் மெல்லிய டேப் சுற்றிய பிறகே ஷாஃப்டைச் சீலுக்குள் விடுங்கள். பினியன் நட் புதியது போட்டு, கையேட்டில் சொன்ன டார்க் (திருப்புவிசை) அளவுக்கு இறுக்குங்கள்.

பம்பைப் பொருத்தும் முன் அழுத்தச் சோதனை. ஆயில் துளையில் கைப்பம்பை இணைத்து 0.3 பார் காற்று கொடுத்து, ஷாஃப்டைச் சுற்றிப் பாருங்கள். நின்றால் 0.7 பார் வரை ஏற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். முள் இறங்கினால் கியர் கேஸைத் தண்ணீரில் முக்கினால் எங்கிருந்து குமிழி வருகிறது என்று தெரிந்துவிடும்.

இம்பெல்லரை மூடிக்குள் நுழைக்கும்போது ஷாஃப்டைக் கடிகாரச் சுற்றில் சுற்றிக்கொண்டே அழுத்துங்கள், இறகுகள் சரியான பக்கம் மடங்கும். அதன்பின் எந்தக் கட்டத்திலும் எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டாம்.

ஸ்ப்ளைனுக்கு மாலிப்டினம் கலந்த, தண்ணீரில் கரையாத கிரீஸ். பற்களின் பக்கங்களில் மட்டும் பூசுங்கள். ஷாஃப்டின் மேல் நுனியில் ஒரு துளி கிரீஸும் இருக்கக் கூடாது. கிராங்கின் குழிக்குள் அடைபடும் கிரீஸுக்கு வெளியேற வழியில்லை. அது ஷாஃப்டை முழுதாக உட்காரவிடாது, போல்ட்டுகளை இறுக்க இறுக்கக் கிராங்கையும் பினியனையும் எதிரெதிராகத் தள்ளும். புது ஷாஃப்ட் போட்ட சில நாளில் பேரிங் போவதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு.

கியர் கேஸை ஏற்றும்போது தண்ணீர்க் குழாய் பம்பின் ரப்பருக்குள் சேர்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். ஸ்ப்ளைன் பொருந்தாவிட்டால் ஃப்ளைவீலைக் கடிகாரச் சுற்றில் மெல்ல அசையுங்கள். கையால் தள்ளியே இரண்டு முகமும் சேர வேண்டும். இடைவெளியைப் போல்ட்டால் இழுத்து மூட நினைத்தால் ஏதோ ஒன்று நொறுங்கும். மரைகளில் கடல்நீர் தாங்கும் கிரீஸ் தடவி, டவல் பின்களைப் போட்டு, குறுக்கு வரிசையில் இறுக்கி, கியர் கம்பியை இணையுங்கள்.

கியர் ஆயிலைக் கீழ்த் துளை வழியாக நிரப்புங்கள். மேல் துளையில் குமிழி இல்லாமல் வழிந்ததும் முதலில் மேல் திருகாணி, பிறகு கீழ்த் திருகாணி.

ஓட்டிப் பார்த்தல்

பம்ப் மூழ்கும் அளவு தண்ணீர் நிரம்பிய பீப்பாயில் வைத்து, புரொப்பெல்லர் இல்லாமல், ஐட்லிங்கில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். பழைய மாடல்கள் பலவற்றில் தண்ணீர் பீய்ச்சும் சோதனைத் துளையே கிடையாது. காலின் பின்பக்கத் துளைகளில் எக்ஸாஸ்டோடு சாரல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். சிலிண்டர் தலையைத் தொட்டால் கை பொறுக்கும் சூட்டில் இருக்க வேண்டும். முன்னோக்கு, நடு, பின்னோக்கு மூன்று கியரும் விழுகின்றனவா பாருங்கள்.

படகில் முதல் மணி நேரம் பாதி வேகத்துக்கு மேல் போகாதீர்கள். பத்து மணி நேரம் ஓடியதும் கியர் ஆயிலின் கீழ்த் திருகாணியை லேசாகத் தளர்த்தி ஒரு கரண்டி எண்ணெயை வெள்ளைக் கிண்ணத்தில் பிடியுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கியர் கேஸை இறக்கி, ஸ்ப்ளைனைத் துடைத்து, புதுக் கிரீஸ் போடுங்கள். துடைத்த துணியில் கிரீஸ் கருப்பாக வந்தால் கவலையில்லை. செங்கல் நிறம் தெரிந்தால் டவல் பின்களையும் கிராங்கின் கீழ் பேரிங்கையும் மறுபடி சோதித்துவிட்டுத்தான் மேலே ஏற்ற வேண்டும்.